ஹொண்டா சி.டி. 125: பெற்றோல் கொக் ஒழுகுகிறது. திருத்துவதா, புதிதாக மாற்றுவதா?

கொக்குவில் 125

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஹொண்டா சி.டி. 125 மோட்டார் சைக்கிளின் பெற்றோல் கொக், அதாவது தாங்கியின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் வால்வு, ஒழுகத் தொடங்கியிருக்கிறது. திறந்தாலும் மூடினாலும் ஒழுக்கு நிற்பதில்லை. கொக்கின் கீழே ஒரு துளி தொங்கிக்கொண்டே இருக்கிறது. துடைத்துவிட்டால் சற்று நேரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. துளி விழுகிற எஞ்சின் மூடியில் மஞ்சள் கறை படிந்துவிட்டது.

ஒரு கராஜில் காட்டினேன். இதையெல்லாம் திருத்த முடியாது, புதிது வாங்கிப் பூட்டுங்கள் என்றார்கள். கடையில் புதிய கொக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பழையதன் பாரத்தில் பாதிகூட இல்லை. அதைப் பூட்ட மனம் வரவில்லை. அப்பா இந்த மோட்டார் சைக்கிளை இடப்பெயர்வுகளுக்குள்ளும் கைவிடாமல் கொண்டு திரிந்தவர். கூடியவரை அதன் சொந்த உறுப்புகளோடு வைத்திருக்க விரும்புகிறேன். திருத்த வழி உண்டா? இரவில் வண்டியை விறாந்தையில்தான் விடுகிறோம், அதனால் அவசரமும் உண்டு.

சுண்டுக்குளி

தம்பி, திருத்துவதும் மாற்றுவதும் பிறகு. இன்றே வண்டியை விறாந்தையில் இருந்து வெளியே எடுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது மேலே போகாது. தரையோடு ஊர்ந்து கதவின் கீழால் அடுத்த அறைக்குப் போகும். சுவாமி அறையில் மாலையில் ஏற்றும் விளக்கு, அடுப்படி, கிணற்று மோட்டாரின் சுவிட்ச், இவற்றில் ஒன்று போதும். மண்ணெண்ணெய் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிட 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பெற்றோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை. யாழ்ப்பாணத்து மார்கழிப் பனியிலும் அது பற்றுவதற்குத் தயாராகவே இருக்கிறது. மண்ணெண்ணெயோடு பழகிய கைகள் பெற்றோலையும் அதே துணிச்சலோடு தொடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

தாங்கியைக் காலி செய்வதும் வெளியில்தான். பற்றறியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மூடியுள்ள உலோகக் கலன் ஒன்றில் இறக்குங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படி அலுமாரியில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

நெல்லியடி கராஜ்

அண்ணை சொன்னதை முதலில் செய்யுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

‘கொக் ஒழுகுகிறது’ என்று ஒருவர் வந்தால் நான் உடனே ஸ்பனரை எடுப்பதில்லை. எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியாமல் கழற்றினால் நன்றாக இருந்த இடமும் கெட்டுப்போகும். தாங்கியும் கொக்கும் சேரும் இடத்து வாஷர் போயிருக்கலாம். கைபிடிக்குப் பின்னால் இருக்கும் நான்கு துளை றப்பர் இறுகியிருக்கலாம். அடியில் இருக்கும் கிண்ணத்தின் ஓரிங் (வட்ட றப்பர் வளையம்) தட்டையாகியிருக்கலாம். ரியூப் பூட்டும் முனையில் ரியூபே வெடித்திருக்கலாம். எங்கு ஒழுகினாலும் துளி கடைசியில் கிண்ணத்தின் அடியில்தான் வந்து தொங்கும். அதனால் தொங்கும் துளியை நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கொக் முழுவதையும் துணியால் துடைத்துக் காய விடுங்கள். காய்ந்ததும் முகத்துக்குப் பூசும் பவுடரை ஒரு சிறு தூரிகையால் சுற்றிவரத் தூவுங்கள். கொஞ்ச நேரத்தில் பவுடரில் ஈரக்கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டின் மேல் நுனியைப் பாருங்கள், நோய் அங்கேதான்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. ரியூபைக் காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பகுதி) பக்கம் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விடுங்கள். கொக்கை மூடிவிட்டுக் காத்திருங்கள். போத்தலுக்குள் பெற்றோல் வந்தால் உள்ளேயும் அடைப்பு விட்டுவிட்டது. வெளியே ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே ஒழுகுவது தெரியாது. எஞ்சினைக் கெடுப்பது இரண்டாவதுதான்.

ரொறன்ரோ யாழ்

இவ்வளவு மினக்கெட வேண்டுமா? இணையத்தில் முழுக் கொக்கே மலிவாகக் கிடைக்கிறது. பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டினால் அரை மணி நேர வேலை. பாதுகாப்பு முக்கியம் என்றால் புதியதுதான் சரி.

ஸ்ரான்லி வீதி

நான் உதிரிப்பாகக் கடையில் நிற்பவன், புதியதை விற்றால் எனக்குத்தான் இலாபம். ஆனாலும் சொல்கிறேன். இந்தப் போலிக் கொக்குகளில் மூன்று தொல்லைகளை அடிக்கடி காண்கிறேன். பூட்டும் துளைகளின் இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவில் மாறியிருக்கும். இழுத்துப் பூட்டினால் வாஷர் ஒரு பக்கமாக நசுங்கி முதல் நாளே ஒழுகும். ரியூப் பூட்டும் முனை வேறு பக்கம் பார்க்கும். ரியூப் மடிந்து பெற்றோல் வராது. தாங்கிக்குள் நிற்கும் குழாயின் உயரமும் பிழையாக இருக்கும். அந்தக் குழாய் கட்டையாக இருந்தால் ரிசேவில், அதாவது அவசரத்துக்கு அடியில் மிஞ்ச வேண்டிய பெற்றோலில், ஒன்றும் மிஞ்சாது, பண்ணைப் பாலத்தின் நடுவில் நின்றுவிடும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு வாருங்கள். பெயரைச் சொல்லி வாங்கும் பொருள் அல்ல இது. இங்கே கிடைக்காத றப்பர் தொகுதி கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். யப்பானில் செய்த றப்பர் பொதியோடு வந்தால் விலையைப் பார்க்காமல் எடுங்கள்.

கொக்குவில் 125

பவுடர் தூவிப் பார்த்தேன். ஈரக்கோடு கைபிடித் தகட்டின் கீழ் ஓரத்தில் தொடங்குகிறது. கிண்ணத்தின் விளிம்பிலும் மெல்லிய ஈரம் தெரிகிறது. தாங்கியோடு சேரும் இடம் நன்றாகக் காய்ந்தே இருக்கிறது. போத்தல் சோதனையிலும் கொக் தோற்றுவிட்டது. மூடிய பிறகும் துளித்துளியாக விழுந்தது. வண்டி இப்போது மாமரத்தின் கீழே, தாங்கி காலி.

கைபிடித் தகட்டின் இரண்டு திருகாணிகளும் அசையவில்லை. ஒன்றின் தலை இலேசாக வழுகத் தொடங்கியது, நிறுத்திவிட்டேன்.

நெல்லியடி கராஜ்

நிறுத்தியது நல்லது. யப்பானியத் திருகாணியின் சிலுவைத் தலை நாங்கள் வழக்கமாக வாங்கும் பிலிப்ஸ் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. அந்தத் திருப்புளியின் நுனி பள்ளத்தின் அடியில் இருக்காமல் மேலேறி வழுக்கும், தலையைத் தின்றுவிடும். யப்பானிய அளவுத் திருப்புளி தனியாக இருக்கிறது. பல திருகாணிகளின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். கிடைக்காவிட்டால் பிலிப்ஸ் நுனியைக் கொஞ்சம் அரத்தில் தேய்த்துக் கட்டையாக்கிப் பயன்படுத்தலாம்.

துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு விடுங்கள். மறுநாள் பொருத்தமான திருப்புளியைத் தலையில் நேராக வைத்து அதன் பிடியில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். புரியில் இறுகியிருக்கும் உப்பு உடையும். நெருப்புக் காட்டிச் சூடாக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பெற்றோல் நிறைந்த தாங்கியைவிடக் காலித் தாங்கிதான் ஆபத்து, அதற்குள் நிற்பது ஆவியும் காற்றும்.

கொக்கைத் தாங்கியில் இருந்து கழற்றி மேசையில் வைத்துச் செய்வதே மேல். சில ஹொண்டாக்களில் கொக் இரண்டு ஆணிகளால் பூட்டியிருக்கும். வேறு சிலவற்றில் ஒரு பெரிய சுரை இருக்கும். அந்தச் சுரைக்குள் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் புரி எதிரெதிராக ஓடும். சுரையைச் சுற்றினால் கொக்கும் தாங்கியும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். அப்படிப்பட்டதில் கொக்கின் உடலைப் பிடித்து முறுக்கக் கூடாது, சுரையை மட்டும் திருப்ப வேண்டும். திரும்பப் பூட்டும்போது இரண்டு புரியும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொக் ஒரு பக்கம் பார்த்தபடி இறுகிவிடும்.

மானிப்பாய் சி90

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஹொண்டா சி90. போத்தல் சோதனையை வாசித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. எனக்கு வெளியே ஒழுக்கு எதுவும் இல்லை. ஆனால் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தால் பெற்றோல் மணக்கிறது. ஒயில் மட்டமும் நான் விட்டதைவிட உயர்ந்திருக்கிறது. இதற்கும் கொக்குக்கும் தொடர்பு உண்டா?

நெல்லியடி கராஜ்

உண்டு தங்கச்சி. வண்டியை இப்போது இயக்க வேண்டாம்.

சி90 இல் கொக் தாங்கியில் இல்லை, காபரேற்றரின் உடலோடு சேர்ந்தே இருக்கிறது. தாங்கியில் இருந்து இரண்டு ரியூப் இறங்கும், ஒன்று வழமையானது, மற்றது ரிசேவ். உள்ளே அதே நான்கு துளை றப்பர்தான். கொக் மூடாமல் விட்டு, காபரேற்றருக்குள் பெற்றோல் நிறைந்ததும் வரத்தை அடைக்கும் மிதவையின் ஊசியும் தேய்ந்திருந்தால் பெற்றோல் மட்டம் உயரும். உயர்ந்த பெற்றோல் வழிகிற குழாயால் வெளியே போக வேண்டும். அந்தக் குழாய் அடைபட்டிருந்தால் உள்ளே போகிற வழியைப் பிடித்துச் சிலிண்டருக்குள் இறங்கும், பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஒயிலோடு கலக்கும். நீர்த்துப்போன ஒயிலோடு ஓடினால் கம்ஷாப்ற்றும் பெயாரிங்கும் தேயும். சிலிண்டருக்குள் பெற்றோல் தேங்கி நிற்கும்போது பலமாகக் கிக் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் வளைந்த கதையும் உண்டு, திரவம் அமுங்காது.

ஒயிலை முழுவதும் இறக்கிப் புதிது விடுங்கள். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகச் சில தடவை கிக் அடித்து உள்ளே உள்ளதை வெளியேற்றுங்கள். பிளக் வயர் விலகி இருக்கட்டும், பொறி பறக்கக் கூடாது. கொக்கின் றப்பரையும் மிதவை ஊசியையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது நாளைக்குக் கழுத்தறுக்கும்.

பழைய சாரதி

இந்த உரையாடலைப் பார்த்து மகிழ்ச்சி. பிள்ளைகள் பழைய வண்டிகளைக் காயலான் கடைக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

யாழ்ப்பாணத்து வண்டி என்றால் ஒரு விடயத்தை மனத்தில் வைக்க வேண்டும். 1990 இல் போர் மறுபடி மூண்ட பிறகு 1995 வரை இங்கே பெற்றோல் தடை செய்யப்பட்ட பொருள். தாங்கியில் மண்ணெண்ணெய் இருக்கும், சிறு போத்தலில் உயிரைப்போல் காத்த கொஞ்சப் பெற்றோல் இருக்கும். அதைக் காபரேற்றர் பக்கம் சில துளி விட்டு இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விடுவோம். சி90, எம்.டி. 90, சி.டி. 125, எல்லாம் அப்படித்தான் ஓடின. தெருவெல்லாம் வெண்புகை.

அந்தக் காலத்தில் பலர் கொக்குக்கும் காபரேற்றருக்கும் இடையில் மூன்று வழி இணைப்பு ஒன்று பூட்டினார்கள். சிலர் கொக்கின் துளையையே பெரிதாக்கினார்கள். உங்கள் அப்பாவின் வண்டி அந்த ஆண்டுகளில் ஓடியது என்றால் கொக்கைக் கழற்றும்போது அப்படி ஏதாவது வேலை செய்திருக்கிறதா என்று பாருங்கள். மண்ணெண்ணெயின் பிசின் கபில நிறத்தில் வலையிலும் துளைகளிலும் ஒட்டியிருக்கும். சாதாரண பெற்றோலில் கழுவினால் அது போகாது, தின்னரில் ஊறவைக்க வேண்டும். ஊறவைக்கும் முன்னர் றப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. மண்ணெண்ணெய் ஒழுகினால் எண்ணெய்ப் பசை பல நாள் நிற்கும், எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். பெற்றோல் சிறிதாகக் கசிந்தால் விழுவதற்கு முன்னரே ஆவியாகிவிடும். கறை மட்டும் மிஞ்சும். அதனால்தான் எம் ஆட்கள் கறையைக் கண்டும் ‘ஒழுக்கு இல்லை’ என்கிறார்கள்.

காரைநகர் பான்ரம்

நான் பி.எஸ்.ஏ. பான்ரம் வைத்திருக்கிறேன், 1948 இல் வெளிவரத் தொடங்கிய அந்த டி1 வகை. பிரித்தானிய வண்டிகளின் கதை வேறு. அங்கே நான்கு துளை றப்பர் இல்லை, தக்கை. ஒரு பித்தளைக் குழாய்க்குள் தக்கை மாட்டிய தண்டை இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். தக்கை பெற்றோலில் ஊறியிருக்கும்வரை உப்பி நின்று அடைக்கும். தாங்கியைக் காலியாக்கி ஒரு மாதம் வெயிலில் விட்டால் சுருங்கிவிடும், பிறகு பெற்றோல் விட்டவுடன் ஊற்றிக்கொண்டு போகும்.

இதற்குப் புதுக் கொக் வாங்க ஓட வேண்டாம். தண்டைக் கழற்றி, தக்கையைக் கொதித்த நீரில் ஊறவிடுங்கள். உப்பி வரும். ஈரம் துடைத்து, ஒரு துளி ஒயில் தடவித் தள்ளுங்கள். அது முற்றாகத் தேய்ந்திருந்தால்தான் புதிய தக்கை தேவை. போத்தல் தக்கையில் வெட்டிப் போடுகிறார்கள். அதில் துளையும் பிளவும் அதிகம், நல்ல துண்டாகத் தெரிந்து எடுக்க வேண்டும்.

புரியும் கவனம். தாங்கியில் இருப்பது கால் அங்குல பிரித்தானியக் குழாய்ப் புரி, வெளி விட்டம் 13 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அங்குலத்துக்கு 19 புரி. யப்பானிய மெற்றிக் கொக்கை அதில் முறுக்கிப் பூட்டினால் ஒன்றிரண்டு சுற்றுப் போகும், பிறகு தாங்கியின் புரியையே அறுத்துவிடும். நல்ல செய்தி என்னவென்றால் நம் தண்ணீர்க் குழாய்க் கடைகளும் அதே குழாய்ப் புரியில்தான் வாழ்கின்றன. அந்த அளவுக்கு ஃபைபர் வாஷர் எந்த ஹார்ட்வெயாரிலும் எடுக்கலாம்.

பான்ரம் இரண்டு ஸ்ட்ரோக் வண்டி, ஒயில் பெற்றோலோடு கலந்திருக்கும். கொக் உள்ளே ஒழுகினால் கிராங்க்கேஸ் நிறைந்துவிடும். நான் வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பும்போதே கொக்கை மூடிவிடுவேன். வாசலுக்கு வரும்போது காபரேற்றர் வற்றி எஞ்சின் தானாக நிற்கும்.

ஸ்ரான்லி வீதி

ஒவ்வொரு நாளும் மூடித் திறந்தால் றப்பர் தேயுமே அண்ணை? எங்கள் வாடிக்கையாளர் பலர் கொக்கைத் திறந்தபடியே வருடக்கணக்கில் விடுகிறார்கள்.

காரைநகர் பான்ரம்

தேயட்டும். தேய்ந்த றப்பரின் விலை என்ன, எஞ்சினின் விலை என்ன? வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும் றப்பர்தான் கைபிடித் தகட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாள் அவசரத்துக்கு ரிசேவுக்குத் திருப்பும்போது கிழிகிறது. அசைக்கிற கொக் நீண்டநாள் உழைக்கும் என்பதே என் அனுபவம்.

நெல்லியடி கராஜ்

நான் பான்ரம் அண்ணையின் பக்கம். மூட வேண்டும், அதுவும் நாள்தோறும்.

திருச்சி புல்லட்

தமிழ்நாட்டிலிருந்து ஒரு குறிப்பு. எங்களிடம் பழைய புல்லட், யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இப்போது பெட்ரோலே ஒரு பிரச்சினை. இந்தியா 20 சதவீத எத்தனால் கலப்பை 2030-க்குப் பதில் 2025-க்கு என்று முன்னுக்குக் கொண்டுவந்தது. பழைய காலத்து ரப்பரும் சில தாங்கிப் பூச்சுகளும் எத்தனாலைத் தாங்குவதில்லை. உப்பும் அல்லது பிசுபிசுக்கும். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. அதனால் நாங்கள் பெட்ரோல் காக்-ஐ (நீங்கள் சொல்லும் கொக்) பிரித்தால் விட்டான் என்ற எரிபொருள் தாங்கும் ரப்பர் வகை ஓரிங்தான் போடுகிறோம்.

ஒழுகும் இடத்தில் சிலிக்கோன் பசை பூசுவதை யாரும் செய்யாதீர்கள். சிலிக்கோன் பெட்ரோலில் உப்பிக் குழைந்து துண்டு துண்டாகப் பெயரும், அந்தத் துண்டு போய் கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளையை) அடைக்கும். பிளம்பர் போடும் வெள்ளை டேப்பும் அப்படியே, இழை பிரிந்து உள்ளே போகும். சைக்கிள் டியூப்பை வெட்டி வாஷர் செய்வதும் வேண்டாம். அது பெட்ரோலில் ஊதி இரண்டு மடங்காகிவிடும்.

ஸ்ரான்லி வீதி

றப்பர் விடயத்தில் திருச்சி நண்பர் சொன்னது முழுக்கச் சரி. கடையில் ‘ஓரிங் தாருங்கள்’ என்று மட்டும் கேட்டால் தண்ணீர்க் குழாய்க்குப் போடுவதைத் தந்துவிடுவார்கள். பெற்றோலுக்கு நைட்ரைல் என்று கேளுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் விட்டான். ரியூபும் அப்படி. யப்பானிய வண்டிகளில் அநேகமாக உள் விட்டம் ஐந்தரை மில்லிமீற்றர். கால் அங்குல ரியூப் அதற்குத் தளர்வு, கிளிப் போட்டு நெரித்தாலும் கசியும்.

கொக்குவில் 125

திருகாணிகள் கழன்றன. பிடியில் தட்டிய பிறகு இரண்டாவதும் அசைந்துவிட்டது.

உள்ளே பார்த்ததை எழுதுகிறேன். நான்கு துளை றப்பர் நகத்தால் அழுத்தினாலும் அமுங்கவில்லை. அதன் முகத்தில் வட்டமாக இரண்டு ஆழமான கோடுகள். கைபிடியின் பின்புறத் தட்டிலும் அதே இடத்தில் கீறல். கிண்ணத்தின் அடியில் செங்கபில நிறத்தில் மாப்போன்ற படிவு. விரலில் எடுத்துத் தேய்த்தால் மணலைப்போல் உறுத்துகிறது. வலை பாதி அடைபட்டிருக்கிறது. பழைய சாரதி ஐயா சொன்ன பிசினும் துளைகளில் இருக்கிறது. மூன்று வழி இணைப்பு எதுவும் இல்லை. ஆனால் ரியூப் பூட்டும் முனையில் யாரோ குறட்டால் பிடித்த பல் அடையாளம் உண்டு.

றப்பரை மாற்றினால் போதுமா?

நெல்லியடி கராஜ்

போதாது. விரலில் உறுத்தியது தாங்கியின் துரு. அதுதான் றப்பரைக் கோடு கிழித்தது. புதிய றப்பரைப் போட்டுவிட்டு அதே தாங்கியை மேலே வைத்தால் அதையும் கிழிக்கும். உங்கள் கொக்கைக் கெடுத்தது வயது அல்ல, தாங்கி. எல்லோரும் கொக்கைக் குறை சொல்லிப் புதிதாக வாங்குகிறார்கள், சில மாதத்தில் புதியதும் ஒழுகுகிறது, பிறகு ‘சாமான் சரியில்லை’ என்கிறார்கள். நம் பக்கம் கடற்காற்று வேறு. பாதித் தாங்கியோடு நிற்கும் வண்டியின் மேல் பாதி உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்.

தாங்கியைக் கழற்றிக் கொக்குத் துளையை அடைத்துவிட்டு வெள்ளை வினாகிரியால் நிரப்பி ஓரிரு நாள் விடுங்கள். துரு கடுமையாக இருந்தால் சிறு சங்கிலி ஒன்றைப் போட்டுக் குலுக்கலாம், எடுக்கும்போது முழுவதும் வந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி அமிலத்தைப் போக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் கண்முன்னே மறுபடி துரு ஏறும். நல்ல நீரில் அலசி, உடனேயே வெயிலில் வாய் கீழாக வைத்துக் காய விடுங்கள். காய்ந்ததும் இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் கொஞ்சம் விட்டு உருட்டி உட்சுவர் முழுவதும் படிய விடுங்கள். வெளிப் பெயின்றில் வினாகிரி படாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கைபிடித் தட்டின் கீறலை இப்படி எடுக்கலாம். தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் வையுங்கள். அதன்மேல் 800 இலக்க நீர் எமரிக் கடதாசி. சில துளி மண்ணெண்ணெய். தட்டின் முகம் முழுவதையும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்குங்கள். விரலால் நடுவில் அழுத்தி எட்டுப் போட்டபடி தேயுங்கள். உயர்ந்த இடத்தில் கறுப்பு முதலில் அழியும், பள்ளத்தில் நிற்கும். கறுப்பு முழுவதும் அழிந்ததும் 1500 இலக்கத்துக்கு மாறிப் பளபளப்பாக்குங்கள். அதற்கு மேல் தேய்க்க வேண்டாம். தட்டு மெலிந்தால் றப்பரில் அழுத்தம் குறைந்துவிடும். கைபிடிக்கும் தகட்டுக்கும் இடையில் அலைபோல் வளைந்த வாஷர் ஒன்று இருக்கும். அது தட்டையாகியிருந்தால் கையால் மெதுவாக வளைத்து உயிர் கொடுக்கலாம்.

றப்பரைப் போடும்போது ஒரு துளி ஒயில் போதும், கிறீஸ் வேண்டாம். கிண்ணத்தை இறுக்குவதில் பலம் காட்ட வேண்டாம். ஓரிங்தான் அடைக்கிறது, பலம் அல்ல. அதிகம் இறுக்கிய கிண்ணத்தின் விளிம்பு வெடிக்கும், அதற்குப் பிறகு உண்மையாகவே புதுக் கொக்தான்.

ரொறன்ரோ யாழ்

தாங்கித் துருவை நான் யோசிக்கவே இல்லை. அப்படியென்றால் புதிது வாங்கினாலும் இந்த வேலையைச் செய்யத்தான் வேண்டும். இருந்தாலும் கைபிடித் தட்டு ஆழமாக அரித்திருந்தால் அல்லது உடலில் வெடிப்பு இருந்தால் மாற்றுவதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன்.

நெல்லியடி கராஜ்

அதில் கருத்து வேறுபாடு இல்லை. உடல் வெடித்த கொக்கைப் பசை போட்டு ஒட்டி யாரும் என் கராஜுக்குக் கொண்டுவர வேண்டாம், நான் தொட மாட்டேன்.

சுண்டுக்குளி

ஒழுக்கைச் சிறிதென்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பெற்றோல் துளி தண்ணீர்த் துளியைவிடச் சிறியது. ஆனாலும் செக்கனுக்கு ஒன்று விழுந்தால் ஒரு நாளில் ஒரு லீற்றருக்கு மேல் போய்விடும். 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் தந்தது வாரத்துக்கு 4 லீற்றர். அந்த நாட்களில் ஒழுகுகிற கொக்கோடு இருந்தவர்களின் பங்கு தரைக்குத்தான் போனது. 2020 இல் இருந்து 2025 வரை வாகன இறக்குமதியும் நின்றிருந்தது, அதனால்தான் இவ்வளவு பழைய வண்டிகள் இன்னும் தெருவில் இருக்கின்றன. அவை பாதுகாப்பாக ஓட வேண்டும்.

கொக்குவில் 125

வேலை முடிந்தது. தாங்கியில் இருந்து வந்த வினாகிரி தேநீர் நிறத்தில் இருந்தது. றப்பர் தொகுதி கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்தது. தட்டைக் கண்ணாடியில் தேய்த்தேன். கீறல் ஒன்றின் நிழல் மட்டும் தெரிகிறது, விரலில் தட்டுப்படவில்லை. பவுடர் தூவிப் பார்த்தேன், காய்ந்தே இருக்கிறது. போத்தலும் காய்ந்தே இருக்கிறது.

ஒரே ஒரு கவலை. கொக்கைத் திறந்தால் முன்பைவிடப் பெற்றோல் மெதுவாக வருவதுபோல் தெரிகிறது. சற்று நேரம் ஓடிய பிறகு இன்னும் குறைகிறது.

நெல்லியடி கராஜ்

முதலில் தாங்கியின் மூடியைத் திறந்துவிட்டு அதே ஓட்டத்தைப் பாருங்கள். கூடினால் கொக்கில் குற்றம் இல்லை, மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பெற்றோல் வெளியேறும் இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். மெல்லிய கம்பியால் குத்தி, காற்று அடித்துவிடுங்கள்.

கூடவில்லை என்றால் அளந்து பாருங்கள். மணிக்கு 80 கிலோமீற்றரில், நூறு கிலோமீற்றருக்கு 3 லீற்றர் குடிக்கும் என்று வைத்தால் நிமிடத்துக்கு 40 மில்லிலீற்றர்தான் தேவை. கொக் அதைப்போல் மூன்று மடங்கு தந்தால் நிம்மதியாக ஓடலாம்.

கொக்குவில் 125

மூடிதான். துளைக்குள் பெயின்ற் இறங்கி அடைத்திருந்தது. இப்போது நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றருக்குக் குறையாமல் வருகிறது. எல்லோருக்கும் மிக்க நன்றி.

பழைய சாரதி

மிக்க சந்தோசம் தம்பி. மாதம் ஒருமுறை ரிசேவிலும் கொஞ்சத் தூரம் ஓடுங்கள். அடியில் நிற்கும் தண்ணீரும் தூளும் கிண்ணத்துக்கு வந்து சேரும், கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டிவிடலாம்.

மானிப்பாய் சி90

நானும் ஒயிலை இறக்கிவிட்டேன். தண்ணீர்போல் ஓடியது. ஊசியும் றப்பரும் சொல்லி வைத்திருக்கிறேன். மிதவை அறையின் வழிகிற குழாய்க்குள் குளவி மண் வைத்து அடைத்திருந்தது, அதையும் எடுத்துவிட்டேன்.

நெல்லியடி கராஜ்

நல்லது தங்கச்சி. புதிய ஒயிலோடு கொஞ்ச நாள் ஓடிவிட்டு மறுபடி கம்பியை மணந்து பாருங்கள். மணம் இருந்தால் மிதவையையே சோதிக்க வேண்டும். அதற்குள் பெற்றோல் இறங்கியிருந்தால் குலுக்கும்போது சத்தம் கேட்கும்.

ரொறன்ரோ யாழ்

காரைநகர் அண்ணை, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் மச்சானிடம் சொன்னால் பான்ரம் கொக்குக்குத் தக்கை எடுத்துத் தருவார். என்ன அளவு வேண்டும்?

காரைநகர் பான்ரம்

மிக்க நன்றி தம்பி. தண்டை நாளைக்குக் கழற்றித் தக்கையின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து தனி மடலில் போடுகிறேன். தக்கை மட்டும் போதும், வாஷர் கொண்டுவர வேண்டாம். அது இங்கே குழாய்க் கடையில் இருக்கிறது.